அமாவாசைக்கு அமாவாசை வீடு மாறும் ஒரு தாய்: நிகழ்வு ஆய்வு

முதல் நாள் நான் படிவத்தில் எழுதியது "மகனுடன் வசிக்கிறார்". அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி ஐந்து வாரத்தை வீணாக்கினேன்.

2024 பிப்ரவரியில் உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் 60 வயது கடந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாபகம், கீழே விழுதல், சாப்பாடு, மாத்திரை என்று ஒரு மணி நேரக் கேள்விகள். அந்த வரிசையில் வந்தவர்தான் இவர். ஊர்ப் பெயரையும் குடும்பத்தின் சில அடையாளங்களையும் மறைத்திருக்கிறேன். எழுதலாமா என்று அவரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறேன். இங்கே அவரை அப்பத்தா என்றே சொல்கிறேன், மகன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவது போல. ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளைகளுக்கு அவர் அம்மாச்சி.

ஆதார் அட்டைப்படி அவர் பிறந்தது 1955 ஜனவரி 1. பிறந்த நாள் தெரியாத பாதிப் பேருக்கு அட்டையில் ஜனவரி 1 தான். அதை நம்பாமல் ஊர்க்கணக்கில் கேட்டோம். "வைகை டேம் தெறந்தப்ப ஆடு பத்திக்கிட்டு நிப்பேன், பத்து வயசு இருக்கும். அண்ணா செத்தன்னைக்கு பெரியவன் கைப்பிள்ளை." அணை திறந்தது 1959 ஜனவரி, அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. இரண்டையும் வைத்துப் பார்த்தால் வயது 75-ஐ ஒட்டி வருகிறது, அட்டையைவிட ஐந்தாறு வயது கூட. முதியோர் பணமும் அதே ஐந்தாறு வருடம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

சர்க்கரை 11 வருடமாக, ரத்தக் கொதிப்பும் உண்டு. இடது கண்ணில் கண்புரை அறுவை முன்பே முகாமில் முடிந்தது. வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாதவர் என்பதால் படிக்கிற, எழுதுகிற கேள்விகள் இல்லாத நினைவுச் சோதனை வைத்தோம். 30-க்கு 24 எடுத்தார். அதில் ஒரு கேள்வியில்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன்.

"இன்னைக்கு என்ன தேதி அப்பத்தா?"

"தேதி யாருக்குத் தெரியும் தாயி. அமாவாசை போயி ஒம்பது நாளாச்சு."

சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். தை அமாவாசை பிப்ரவரி 9. நாங்கள் போனது 18. கணக்குச் சுத்தம். தேதி சொல்லவில்லை என்று மதிப்பெண்ணைக் கழிப்பது அநியாயம் என்று பட்டது, முழுதாகவே போட்டேன். அமாவாசையை ஏன் இவ்வளவு துல்லியமாக எண்ணி வைத்திருக்கிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

கிளம்பும்போது மூத்த மகன், "ஆத்தாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. மதுரைக்காரி ஒருத்தி இருக்கா, அவதான் கெழவிக்குப் புத்தி மாறிருச்சுன்னு கதை கட்டிக்கிட்டுத் திரியுறா" என்றார். மாமியார் மருமகள் விவகாரம் என்று விட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தம் வரை கூட வந்த அவருடைய மகள், கல்லூரியில் படிக்கிற பெண், மெதுவாகச் சொன்னாள்: "சித்தி பொய் சொல்லலக்கா. போன தடவை வீடியோ கால்ல பாத்தேன். அப்பத்தாவுக்கு என்னைய அடையாளமே தெரியல."

அதையும் குறித்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

முறை

தாத்தா இறந்த பிறகு மல்லிகைத் தோட்டத்தையும் மானாவாரி நிலத்தையும் மூன்று மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து தாயையும் முறை வைத்தார்கள்: ஒரு அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை ஒரு வீடு. பெரியவர் ஊரில் இருக்கிறார், நடுவுள்ளவர் மதுரை செல்லூரில், சின்னவர் திருமங்கலத்தில். நிலத்தில் மகளுக்குப் பங்கில்லை. அதனால் முறையிலும் பங்கில்லை. அவர் வந்து பார்த்துவிட்டு அதிரசமும் வெற்றிலையும் கொடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

இது இந்தப் பக்கத்தில் புதிதும் இல்லை, கொடுமை என்று சொல்லவும் முடியாது. எந்தப் பிள்ளைக்கும் பாரம் கூடிவிடக் கூடாது, எந்தப் பிள்ளையும் தப்பித்துவிடவும் கூடாது என்கிற நியாயம் அதில் இருக்கிறது. அப்பத்தாவே, "மூணு மருமக கையிலயும் சாப்பிடுறேன், எனக்கென்ன கொறை" என்றுதான் சொல்கிறார்.

கணக்கெடுக்கிற எங்களுக்குத்தான் இது கண்ணில் படுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். இவருக்கு அடுப்பு மூன்று. எந்த மாதம் நாம் கதவைத் தட்டினாலும் அவர் ஒரு மகன் வீட்டில் இருப்பார், நாமும் "மகனுடன்" என்ற கட்டத்தில் கோடு போடுவோம். இந்தியாவின் மிகப் பெரிய முதுமை ஆய்வு 2017–18-இல் 45 வயது கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,250 பேரைச் சந்தித்தது, அதில் 31,464 பேர் 60 கடந்தவர்கள். பெரிய உழைப்பு, அதன் தரவை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் யாருடன் வசிக்கிறார் என்ற கேள்வி எந்த ஆய்வில் வந்தாலும், அது ஒருவர் ஒரே இடத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கேட்கப்படுகிற கேள்வி. தமிழ்நாட்டில் 2011-இல் 60 கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2031-இல் 18.2 ஆகும். அதில் எத்தனை பேர் கட்டைப்பையும் கையுமாக அமாவாசைக்கு அமாவாசை பேருந்து ஏறுகிறவர்கள் என்பதை நம் படிவங்களை வைத்துச் சொல்ல வழியில்லை.

செல்லூர்

மார்ச் 28. பேத்தி சொன்னது மனதில் கிடந்ததால் ஆரப்பாளையத்தில் இறங்கிச் செல்லூர் போனேன். மாடி வீடு, வாடகை. கழிப்பறை கீழே, பதினாறு படி இறங்க வேண்டும். காலை ஏழு மணி. அப்பத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக. என்னைத் தெரியவில்லை. அதே சோதனையை வைத்தேன். 30-க்கு 15.

"அமாவாசை எப்பப் போச்சு அப்பத்தா?"

"நேத்துத்தான போச்சு..." என்று இழுத்தார். போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு அப்போது பதில் கிடைத்தது. வீடு மாறுகிற நாளே அமாவாசை என்பதால் அதை எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. அந்தக் கணக்கையே அவர் தவறவிட்டால் வயதின் மறதி என்று விட்டுவிட முடியாது, உடம்பில் ஏதோ நடக்கிறது. சோதனைத் தாளில் இருக்கும் முப்பது கேள்வியைவிட அது நம்பகமான அளவுகோல் என்று இப்போது நினைக்கிறேன், குறைந்தது அவர் வரைக்கும்.

மருமகள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, 'எங்க வீட்டுக்குப் போகணும், கதவைத் தெற'ன்னு நிப்பாங்க. வேர்த்துப் போயிருக்கும். பகல்ல நல்லா இருப்பாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க அக்கா. நான் அத்தைய ஊருக்கு அனுப்பப் பாக்குறேனாம்." சொல்லிவிட்டு அழுதார். போன முறையின்போது அவரே ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே மறதி நோய் என்று சொல்லி டோனெபெசில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

அறிவுத்திறன் குறைவைக் கண்டுபிடிக்கிற முறைகளில் பாதி, கூட இருப்பவரின் வாய்மொழி. பத்து வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று கேட்போம். ஊரில் கேட்டால் ஒரு தாய், செல்லூரில் கேட்டால் வேறொரு தாய். இரண்டு சாட்சியும் உண்மை. ஆனால் சகோதரர்களுக்குள் அது யார் பொய் சொல்கிறார் என்ற சண்டையாகிவிட்டது. பிப்ரவரியில் நானும் பெரியவர் பக்கம் சாய்ந்தவள்தான்.

முதியோரைப் பார்க்கிற மருத்துவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சீட்டைக் கேட்க மாட்டார்கள், மாத்திரைப் பையைக் கவிழ்க்கச் சொல்வார்கள். கவிழ்த்தேன். ஊரிலிருந்து வந்த மஞ்சள் பையில் வீட்டுக்கே வந்து தருகிற அரசு மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளைபென்கிளமைடு, கொதிப்புக்கு அம்லோடிபின். செல்லூர் மருந்துக்கடைக் கவரில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை, கூடவே டோனெபெசில். மருமகள் இரண்டையுமே கொடுத்துவந்திருக்கிறார். "ஊரு மாத்திரை தனி, டாக்டர் மாத்திரை தனின்னு நெனச்சேன். பைல வந்ததை நிப்பாட்டுனா பெரிய மாமா என்னையத்தானே வைவாரு." ஊரில் செவிலி தந்தது சரியான மாத்திரை. நகரத்தில் எழுதிக்கொடுத்ததும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன என்பது இரண்டு பக்கமும் தெரியாது.

கிளைபென்கிளமைடும் கிளிமெபிரைடும் ஒரே வகை. இரண்டும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கொட்டவைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கொட்டவைக்கும். வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளைத் தொகுக்கும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலில், 2023 திருத்தத்தின்படி இந்த வகை முழுதுமே எச்சரிக்கைக்குள் வருகிறது, நீண்ட நேரம் வேலை செய்கிற இந்த இரண்டும் குறிப்பாக.

அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியமானது. இரவு என்ன சாப்பிடுகிறார்?

எதுவும் இல்லை. செல்லூரில் இரவுச் சாப்பாட்டை அவரே நிறுத்தியிருந்தார். சாப்பிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் இரவில் ஒன்றுக்குப் போக வேண்டும், அதற்குப் பதினாறு படி, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "அர டம்ளர் மோரு போதும்" என்று சொல்லிவிடுவாராம். ஊரில் கழிப்பறை தரைமட்டத்தில் இருக்கிறது, ஏழு மணிக்கே கேப்பைக் களியோ சோறோ உண்டு. செல்லூரில் எட்டு மணிக்கு இரண்டு பை மாத்திரையும் அரை டம்ளர் மோரும். டோனெபெசில் வேறு பசியைக் குறைக்கும், குமட்டல் தரும். குழப்பத்துக்கென்று கொடுத்த மருந்து, குழப்பத்தின் காரணத்தையே கூட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு மாதம் மட்டும், செல்லூர் முறையில் மட்டும். திருமங்கலத்தில் அதை யாரும் கொடுக்கவில்லை.

அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். வெள்ளியும் சனியும் கணவருக்கு லீவு இல்லை, அதற்கடுத்து ஞாயிறு வருகிறது, திங்கட்கிழமை போகிறோம் என்றார்கள். எங்களிடம் இருந்த குளுக்கோமீட்டரைக் கொடுத்துக் குத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இரவுச் சாப்பாடு இல்லாமல் மாத்திரை வேண்டாம், மாற்றிப் பேசினால் முதலில் விரலைக் குத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான் மருத்துவர் இல்லை. அவர்களை அங்கேயே உட்கார்த்தி ஒரு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசவைத்திருக்க வேண்டும் என்று பிறகு பல முறை நினைத்தேன்.

மார்ச் 31, விடிகாலை 4.40. மருமகள் அழைத்தார். "அக்கா, 48 காட்டுது." முதல் நாள் மாலை அப்பத்தா சாப்பிட மறுத்திருக்கிறார், மாத்திரையை மட்டும் பழக்கத்தில் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். விழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிந்தது. 3 டீஸ்பூன் சர்க்கரையை, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து 71. அரை மணியில் 94. ஒரு இட்லி சாப்பிட்டார். போனைக் கையில் வாங்கி, "ஏன் தாயி, இந்நேரத்துல என்ன போனு?" என்று என்னைக் கேட்டார்.

காலையிலேயே மருத்துவமனைக்குப் போனார்கள், கிளைபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்கி மறுபடி சர்க்கரையை இறக்கக்கூடும் என்பதால். ஒரு நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் 1.4. கேட்டால் சின்ன எண், ஆனால் 75 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் 39 என்று அர்த்தம், 60-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். மருந்து வெளியேறத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 6.1. இளைஞனுக்கு இது கைதட்டல் வாங்கும் எண். இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்பதுதான் நடைமுறை. 6.1 என்றால் மாதக்கணக்கில் அடிக்கடி பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கக்கூடும் என்று பொருள்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும் என்று எல்லாரும் சொல்லிவைத்திருக்கிறோம். வயதானவர்களுக்கு அந்த முன்னறிவிப்பு மங்கிப்போய், நேராக மூளையில்தான் தெரியும். தடுமாற்றம், மாற்றிப் பேசுவது, கதவைத் திறக்கச் சொல்வது. மறதி நோய் மாதக்கணக்கில் கீழே இறங்கும். இது மணிக்கணக்கில் ஏறி இறங்கும். செல்லூர் மருமகள் முதல் நாளே சொல்லிவிட்டார், ராத்திரி அப்படி, பகலில் நன்றாக, வேர்த்துப் போயிருக்கும் என்று. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கத்து முதியவர்களைப் பற்றி வெளியில் எழுதுகிறவர்கள் தலைக்கூத்தலிலிருந்து, அதாவது முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிரைப் போகவைக்கும் வழக்கத்திலிருந்து, தொடங்குவார்கள். அது இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இனித் தேறாது" என்ற முடிவுக்கு ஒரு வீடு எப்படி வந்து சேருகிறது என்பதை யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. இந்த வீட்டிலும் ஒரு பங்காளி அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கிறார். 3 டீஸ்பூன் சர்க்கரையில் தெளிந்தவரைப் பற்றி.

பிறகு

ஏப்ரல் 7, அமாவாசைக்கு முந்தின நாள், மூன்று மகன்களையும் ஒன்றாக உட்காரவைத்தோம். முதல் ஒரு மணி நேரம் முதியோர் பணத்தைப் பற்றியே போனது. அப்போது மாதம் 1,200 ரூபாய், 2023 ஆகஸ்டுக்கு முன்பு 1,000. பணம் ஊர் வங்கிக்கு வருவதால் பெரியவர் எடுக்கிறார், சாப்பாடு போடுவது மூன்று பேர். நடுவுள்ளவர் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனுக் கொடுப்பேன் என்றார். 2007 சட்டப்படி பெற்றோர் பராமரிப்புக்கு அங்கே போகலாம்தான், வக்கீல் வேண்டாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். ஆனால் மனு தாயின் பெயரில் போக வேண்டும். அப்பத்தா வெற்றிலைப் பெட்டியை மூடினார். "பெத்த பிள்ளை மேல நான் பிராது எழுதவா? போங்கடா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முறையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது, நடந்தாலும் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. வீடு மாறட்டும், மருந்து மாறக் கூடாது என்று கேட்டோம். ஒரே மருத்துவர், ஒரே பை, பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. இன்சுலினைக் கொட்டவைக்கும் இரண்டு மாத்திரையையும் மருத்துவர் நிறுத்தினார், டோனெபெசிலையும். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரண்டு வேளை, கொதிப்பு மாத்திரை, அவ்வளவே. ஊர்ச் செவிலிக்கும் நோட்டைக் காட்டினோம். அவர் அன்றே தன் பதிவேட்டைத் திருத்திக்கொண்டார். செல்லூரில் மாடியில் வைக்க ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கினார்கள். வாங்கித் தந்தது மகள், முறையில் பங்கில்லாதவர்.

ஆகஸ்டில் ஊரில் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரை 7.4. சோதனையில் 25. செப்டம்பர் செல்லூர் முறையில் ஒரு இரவும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. 20-ஆம் தேதி காலை போய் அமாவாசையைக் கேட்டேன். "பதினெட்டு நாளாச்சு" என்றவர், "இன்னும் பன்னெண்டு நாளு கெடக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். சரியாக இருந்தது. மூத்தவர் தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். ஒரு கூடை மல்லிகை கொடுத்தனுப்பினார், அதுவே பெரிது என்றார் பேத்தி.

நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கையெழுத்து. ஊரில் பேத்தி நேர்த்தியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். செல்லூரில் மாவுக் கணக்குக்கு நடுவே சர்க்கரை அளவு. திருமங்கலத்துப் பக்கங்கள் ஏப்ரலிலும் ஜூலையிலும் காலி. அங்கே மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. பை அங்கேயும் போய் வந்திருக்கிறது, மாத்திரை எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது.

எங்கள் படிவத்தை மாற்றினோம். "யாருடன் வசிக்கிறீர்கள்" என்பதற்குக் கீழே "போன மூணு மாசத்துல எத்தனை வீட்டுல சாப்பிட்டீங்க? அங்கங்க மாத்திரை யார் குடுத்தா?" என்று சேர்த்திருக்கிறோம். கணினியில் பதிகிறவர்களுக்கு இது தலைவலி, ஒரு கட்டத்தில் ஒரு விடை என்ற வசதி போய்விட்டது.

மீதி இருப்பது வலது கண். படி இறங்கும் பயத்தில் பாதி அந்தக் கண்ணால்தான். மதுரையில் கண்புரைக்கு வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது, 1976-இல். அறுவை ஒரு காலை நேர வேலை. அதற்குப் பிறகு சொட்டு மருந்து மட்டும் நான்கிலிருந்து ஆறு வாரம், வேளை தவறாமல், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முறை நான்கு வாரம்தான். எந்த அமாவாசையில் தொடங்கினாலும் சொட்டு மருந்து இரண்டு வீட்டில் விழும். நவம்பரில் பெரியவர், "செல்லூர்ல ஆரம்பிக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கம்" என்றார். நடுவுள்ளவர், "ஊர்ல ஆரம்பிக்கட்டும், பேத்தி படிச்ச புள்ள, சொட்டு விடுவா" என்றார். ஆறு வாரமும் ஆண்டிபட்டியில் நான் வைத்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டிருக்கிறார். மூன்று ஆம்பிளைப் பிள்ளை இருக்கையில் மகள் வீட்டில் கட்டுப் போட்டுக் கிடந்தால் ஊர் என்ன பேசும் என்று அதை மட்டும் மூன்று பேரும் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். அறுவைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.